எம்.ஏ. ஆய்வேட்டுக்குப் பதில் சொந்தக் கதை: எவ்வளவு எழுதணும், விளக்கவுரையில் என்ன வரணும்?

#1 நாலாம்_செமஸ்டர்

எம்.ஏ. தமிழ், கடைசிப் பருவம். ஆய்வேட்டுக்குப் பதிலாகப் புனைகதை கொடுக்கலாம் என்று துறையில் இந்த முறை சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 50 பக்கம், அதில் 10 பக்கம் ‘படைப்பு விளக்கம்’, கடைசியில் வைவா (வாய்மொழித் தேர்வு). இதற்குமேல் எழுத்தில் எதுவும் இல்லை. கையில் 16 வாரம் இருக்கிறது.

நாவலா, சிறுகதைகளா? அந்த 10 பக்கத்தில் என்ன எழுதுவது? கதைக்கும் பிளேஜியரிசம் செக் (எழுத்துத் திருட்டுச் சோதனை) உண்டா? இணைய இதழில் வந்த ஒரு கதையைச் சேர்க்கலாமா?

யோசனை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு குடும்பத்தில் ஒரு வருஷம் நடப்பதை மளிகைக் கடைப் பற்று நோட்டின் பதிவுகளாக மட்டுமே சொல்வது. வருணனை கிடையாது, உரையாடலும் கிடையாது.

#2 மேல்மாடி_நூலகம்

கதையை ஆரம்பிக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். ‘எழுத்தில் எதுவும் இல்லை’ என்கிறீர்களே, இந்த வகைப் புராஜெக்டில் ஆள் விழுகிற இடமே அதுதான். நெறியாளர் வாயால் சரி என்பார். பாடத்திட்டத்தில் ‘ஆய்வேடு’ என்றுதான் அச்சாகியிருக்கும். பருவ முடிவில் வருகிற புறத்தேர்வாளர் ‘கருதுகோள் எங்கே, இயல் பகுப்பு எங்கே’ என்று கேட்பார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் கையில் கொடுத்த மதிப்பெண் தாளில் அந்தக் கட்டங்கள்தான் இருக்கும்.

பாடத்திட்டக் குழுத் தீர்மானம், இல்லாவிட்டால் துறைக் கூட்டக் குறிப்பு, இரண்டில் ஒன்றின் நகல் வேண்டும். தலைப்பு ஒப்புதல் படிவத்தில் ‘படைப்பாக்கத் திட்டம்: சிறுகதைகளும் விளக்கவுரையும்’ என்று வெளிப்படையாக எழுதி, நெறியாளர், துறைத் தலைவர் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கதைக்கு எத்தனை மதிப்பெண், விளக்கவுரைக்கு எத்தனை, வைவாவுக்கு எத்தனை என்ற பிரிப்பையும் அதிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். அந்தத் தாளைப் பின்னிணைப்பாகச் சேர்த்தே பைண்டிங் பண்ணுங்கள். தேர்வாளர் கேட்கும்போது பக்க எண்ணைச் சொன்னால் போதும்.

முன்மொழிவு ஒரு பக்கம் போதும். அதில் ‘கூட்டுக் குடும்பச் சிதைவு’ மாதிரி பேசுபொருளை எழுதாதீர்கள். அது எல்லார் முன்மொழிவிலும் இருக்கும். வடிவம் சார்ந்த கேள்வி எழுதுங்கள்: ‘கதைசொல்லி இல்லாமல், பொருள்களின் பெயரையும் அளவையும் மட்டும் வைத்து ஒரு சாவைச் சொல்ல முடியுமா?’ இதற்கு முடிந்தது, முடியவில்லை என்று பதில் உண்டு. 10 பக்க விளக்கவுரை எழுத அந்தப் பதில்தான் வேண்டும்.

#3 அச்சுக்கோர்ப்பு

பக்கக் கணக்கு. ஏ4, பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஓர் அங்குலம், 12 புள்ளி யூனிகோட் எழுத்துரு, ஒன்றரை வரி இடைவெளி. பக்கத்துக்கு ஏறக்குறைய 30 வரி, வரிக்கு 6, 7 சொல். ஆக 180 முதல் 210 சொல். கதைக்கான 40 பக்கத்தில் 7,200 முதல் 8,400 சொல் வரும். இரட்டை இடைவெளி கேட்டால் 6,000 சொல் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆங்கிலத் துறை நண்பர்கள் சொல்கிற 12,000, 15,000 சொல் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்துக்குச் சொல் எண்ணிக்கை குறையும். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது ஒரே சொல்.

இந்த அளவில் நாவல் எழுத இடமில்லை. ‘நாவலின் முதல் மூன்று அத்தியாயம்’ என்று சிலர் கொடுப்பார்கள். அதில் முடிவு இல்லை, ஆகவே அமைப்பை மதிப்பிட வழியில்லை, ஆகவே அந்தக் கட்டத்தில் மதிப்பெண் விழாது. 2,500 சொல்லில் மூன்று கதை, அல்லது பற்று நோட்டு ஒன்றே நெடுங்கதையாக. பட்டியல் வடிவம் என்பதால் பக்கம் சீக்கிரம் நிரம்பும், சொல் நிரம்பாது. அளவு பக்கத்திலா சொல்லிலா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

#4 கரிசல்_மேடு

யோசனை நல்லாருக்கு தம்பி. ஆனா ஒரு கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க: அந்த நோட்டை எழுதுறது யாரு? கடைக்காரர்கிட்ட பேரேடு இருக்கும். வீட்டுக்காரங்க கையில சின்னப் பற்று நோட்டு இருக்கும். சாமான் வாங்கப் போறப்ப கொண்டுபோவாங்க, கடைக்காரர் அதுல எழுதிக் குடுப்பார். ரெண்டும் வேற வேற ஆவணம். பேரேட்டில தெருவே இருக்கும், பற்று நோட்டில ஒரு வீடு மட்டும்தான். யார் கையெழுத்து, யார் பெட்டியில கிடக்குது, இப்ப யார் படிக்கிறாங்க. வைவாவில முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும்.

#5 நாலாம்_செமஸ்டர்

வீட்டில் இருக்கிற நோட்டுதான் அண்ணா, கடைக்காரர் கையெழுத்து. சாவு வருகிற இடத்தின் இப்போதைய வரைவு இது:

ஆனி 12: புழுங்கலரிசி 5 கிலோ, துவரம் பருப்பு அரை கிலோ, வெற்றிலை, கொட்டைப்பாக்கு 100
ஆனி 19: புழுங்கலரிசி 5 கிலோ, புளி கால் கிலோ, வெற்றிலை, கொட்டைப்பாக்கு 100
ஆனி 26: கற்பூரம், ஊதுபத்தி 2, நல்லெண்ணெய் 1 லிட்டர். பாட்டி தவறிவிட்டார்கள்.
ஆடி 2: புழுங்கலரிசி 5 கிலோ, துவரம் பருப்பு அரை கிலோ

#6 கரிசல்_மேடு

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுங்க. கடைக்காரர் கடன் நோட்டுல இரங்கல் எழுத மாட்டார். அதோட, பாட்டி போயும் அரிசி 5 கிலோவிலயே நிக்குது பாருங்க. வயசானவங்க சாப்பாட்டுக்கு வாரம் ஒரு கிலோவாவது கழியும். 4 ஆகணும்.

வெற்றிலை டவுன்ல மளிகைக் கடையில வராது, பெட்டிக்கடைதான். பாக்கும் சுண்ணாம்பும் வரும்.

#7 தெற்குவாசல்

கிராமத்துக் கடையென்றால் வெற்றிலையிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்புத் திரி வரை ஒரே இடத்தில்தான். ஊர் எது என்று ஆசிரியர் முடிவு செய்தால் வெற்றிலை தானாக முடிவாகும்.

எனக்கு உறுத்துவது கற்பூரப் பதிவு. சாவு விழுந்த வீட்டில் அன்று நோட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்குப் போவதில்லை. பங்காளிகளோ சம்பந்தி வீட்டாரோ காசு கொடுத்து வாங்கி வருவார்கள். அடுப்பும் எரியாது, சாப்பாடு வெளியிலிருந்து வரும். அந்த வாரப் பதிவே இருக்கக் கூடாது. ஆனி 19க்குப் பிறகு நேரே ஆடி 2. நடுவில் ஒரு வெற்றுவரிகூட வேண்டாம். தேதியைக் கவனிக்கிற வாசகர் நின்றுவிடுவார்.

#8 கரிசல்_மேடு

சரியாச் சொன்னீங்க. ஆனா ரெண்டு மூணு வாரம்னு இழுக்க வேண்டாம். பால் தெளிச்ச அடுத்த நாளே பல வீட்டுல அடுப்பு எரிஞ்சிரும். ஒரே ஒரு வாரம் விடுபட்டாப் போதும். அப்புறம் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் ஒரு பெரிய பட்டியல் வரணும்: பச்சரிசி, வெல்லம், எள், உளுந்து, தேங்காய். சாவைச் சொல்லாத நோட்டு காரியத்தைக் கட்டாயம் சொல்லும், ஏன்னா அது கடன்.

#9 புறத்தேர்வாளர்_நாற்காலி

மேலே 5 முதல் 8 வரை நடந்த பேச்சுதான் அந்தப் 10 பக்கம். விளக்கவுரை என்றால் என்ன என்று மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வரைவில் என்ன இருந்தது, ஏன் மாறியது, மாற்றியதால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று. அவ்வளவுதான்.

வழக்கமாக மேஜைக்கு வருகிற விளக்கவுரை இப்படி இருக்கும்: ‘பாட்டியின் மரணம் குடும்ப அமைப்பின் சிதைவைக் குறியீடாக உணர்த்துகிறது. பின்நவீனத்துவ நோக்கில் இக்கதை பெருங்கதையாடலை மறுக்கிறது.’ இதில் எந்த வாக்கியத்தையும் வேறொரு மாணவரின் கதைக்குக் கீழே வைக்கலாம், பொருந்தும். அதனாலேயே மதிப்பெண் கிடையாது.

இப்படி எழுதலாம்: ‘இரண்டாம் வரைவில் ஆனி 26இல் கற்பூரம், ஊதுபத்தி என்ற பதிவு இருந்தது. படித்த இருவரும் அதைக் கோயில் செலவு என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வரைவில் அந்த வாரத்தையே நீக்கினேன். அரிசி 5 கிலோவிலிருந்து 4 ஆனதும், பாக்கு நின்றதும் இப்போது சாவைச் சொல்கின்றன. இதனால் சாவு எந்த நாள் என்பது வாசகருக்குத் தெரியாமல் போகிறது. நோட்டுக்கும் அது தெரியாது என்பதால் அப்படியே விட்டேன்.’

10 பக்கத்தில் இப்படி நான்கு முடிவுகள் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் பக்கம், பழைய வரைவிலிருந்து நாலு வரி மேற்கோள். மீதி நான்கு பக்கத்தில் நீங்கள் படித்தவற்றோடு உங்கள் கதை எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். ஆவணத்தை வடிவமாக எடுத்த புனைகதைகள், கடிதக் கதைகள், நாட்குறிப்புக் கதைகள் என்று எட்டு, பத்துப் படைப்புகள் போதும். கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதும்போது ஒரு முடிவை மாற்றிய கோட்பாடு மட்டும் வரட்டும். உதாரணமாக பிரெஞ்சுக் கதைக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெட் ‘யார் பார்க்கிறார்’, ‘யார் பேசுகிறார்’ என்று இரண்டாகப் பிரித்தது உங்கள் நோட்டுக்கு நேராகப் பயன்படும்: எழுதுவது கடைக்காரர், வாங்குவது வீட்டுக்காரர், இரண்டு பேருமே எதையும் ‘சொல்லவில்லை’. கதை முடிந்தபிறகு நூலகத்துக்குப் போய் எடுத்துவந்து ஒட்டுகிற கோட்பாட்டைத் தேர்வாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். மேற்கோளுக்கு முன்னும் பின்னும் நடை மாறும்.

எழுத்து மேல் ஆசை சின்ன வயதிலேயே எப்படி வந்தது என்ற பத்தி வேண்டவே வேண்டாம்.

#10 தனிப்பேனா

கதை தன் காலில் நிற்கணும். கூடவே ‘இந்த இடத்தில் இதற்காக இப்படி’ என்று கையேடு கொடுத்தால் அது கதையா, வாஷிங் மெஷினா? விளக்கவுரை வைத்தாலே எழுதுகிறவன் தேர்வாளருக்கு விளக்க வசதியான கதையைத்தான் எழுதுவான். வடிவ விளையாட்டு எல்லாம் அதனால் வருவதுதான். நேரான, நல்ல ஒரு கதைக்கு 10 பக்கம் விளக்கம் என்ன எழுதுவது?

#11 புறத்தேர்வாளர்_நாற்காலி

நியாயமான கேள்விதான். உலகம் முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் 1922இலேயே உயர் பட்டங்களுக்குப் படைப்பையே ஆய்வேடாக ஏற்பதாக அறிவித்தது. அங்கே எழுத்துப் பட்டறை வந்தது 1936இல். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓகானர் 1947இல் அங்கே முதுகலைக்குக் கொடுத்தது ஆறு சிறுகதைகள். அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) இன்றும் பெரும்பாலும் படைப்பை மட்டும் கேட்கிறது, மிஞ்சினால் ஒரு சின்ன முன்னுரை. பிரிட்டனில் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்து எம்.ஏ. தொடங்கியது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் படைப்பை முனைவர் பட்டம் வரை கொண்டுபோனபோதுதான் விளக்கவுரை கனமானது. பட்டம் ‘ஆய்வு’ப் பட்டம் என்பதால் ஆய்வு எங்கே என்று காட்டவேண்டி வந்தது.

நம் ஊரில் எம்.ஏ. புராஜெக்ட் ஆய்வேட்டின் இடத்தில்தான் உட்காருகிறது. 10 பக்கத்தை எடுத்துவிட்டால் அந்த இடமும் போய்விடும். நேரான கதைக்கு என்ன எழுதுவது என்றால், எது வெட்டப்பட்டது என்று எழுதுங்கள். கதை எங்கே தொடங்குகிறது, முந்தைய வரைவில் எங்கே தொடங்கியது என்ற ஒன்றே இரண்டு பக்கம் ஓடும். அர்த்தத்தை மட்டும் விளக்கவுரையில் சொல்லாதீர்கள். நீங்கள் அஞ்சுகிற கையேடு அங்கேதான் உருவாகிறது.

#12 தனிப்பேனா

அர்த்தத்தைச் சொல்லாத விளக்கவுரை என்றால் சண்டை இல்லை. ஆனால் விளக்கவுரையைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளுகிற வழக்கத்தையும் சேர்த்துத் திட்டுங்கள். 14ஆம் வாரத்தில் உட்கார்ந்து ‘நான் ஏன் அப்படி எழுதினேன்’ என்று யோசித்தால் பொய்தான் வரும்.

#13 மேல்மாடி_நூலகம்

அதற்குத்தான் வரைவுகளைச் சேமிப்பது. ஒரே கோப்பின் மேல் எழுதிக்கொண்டே போகாதீர்கள். பெரிய மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் ‘பற்று_03_தேதி’ என்று புதுக் கோப்பு. கூகுள் டாக்ஸ் என்றால் பதிப்பு வரலாற்றில் பெயரிட்டு வையுங்கள். பெயரிடாவிட்டால் நூறு நேரமுத்திரைக்கு நடுவில் தேடவேண்டிவரும். எழுதி முடித்த கையோடு நாலு வரிக் குறிப்பு: இன்று என்ன மாற்றினேன், ஏன், எது இன்னும் உறுத்துகிறது. 16 வாரத்தில் இது பத்துப் பதினைந்து பக்கம் ஆகும். அந்தக் குறிப்புகளைச் சுருக்கினால் விளக்கவுரை பாதி முடிந்தது.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசி வாரம் பிரிண்ட், பைண்டிங், கையெழுத்து என்றே போய்விடும். அதற்கு முந்தியது ஒப்புமைச் சோதனைக்கு. 12ஆம் வாரம் வெளி வாசகர்கள் இரண்டு பேர், அதில் ஒருவராவது இலக்கியம் படிக்காதவராக இருக்கட்டும். முதல் முழு வரைவு 7ஆம் வாரம் முடிந்திருக்க வேண்டும். எட்டாம் வாரம் கோப்பைத் திறக்காதீர்கள்.

#14 சதவீதக்கணக்கு

பிளேஜியரிசம் கேள்விக்கு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறை ஆய்வேடு, திட்ட அறிக்கை எதற்கும் பொருந்தும். கதை என்று தனி விலக்கு கிடையாது. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் திரும்பக் கொடுக்கணும், அதற்கு 6 மாதத்துக்கு மிகாத கெடு. 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து.

சொந்தக் கதையில் ஒப்புமை எங்கிருந்து வரும்? மூன்று இடம். ஒன்று, சினிமாப் பாட்டு வரி, தாலாட்டு, ஒப்பாரி, பழமொழி. இரண்டு, உறுதிமொழிப் பக்கம், நன்றியுரை. எல்லாக் கல்லூரியிலும் ஒரே வார்ப்பு. மூன்று, நீங்கள் கேட்ட இணைய இதழ்க் கதை. சொந்தக் கதைதான், ஆனால் மென்பொருளுக்கு உங்களைத் தெரியாது. 2,000 சொல் கதை 8,000 சொல் தொகுப்பில் இருந்தால் ஒரே அடியில் 25 சதவீதம். சேர்க்கவே வேண்டாம். சேர்த்தே ஆகணும் என்றால் எங்கே, எப்போது வந்தது என்று முன்பக்கத்தில் எழுதி, நெறியாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

நூலகத்தில் சோதனை போடும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேற்கோள், நூற்பட்டியல், முன்பக்கங்களை விலக்கச் சொல்லுங்கள். ஒழுங்குமுறையே அவற்றை விலக்குகிறது. அடுத்தது, முதல் சோதனையில் கோப்பைக் களஞ்சியத்தில் சேமிக்காத அமைப்பில் போடச் சொல்லுங்கள். டர்னிடின் என்ற சோதனை மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. சேமித்துவிட்டால், திருத்தி இரண்டாம் முறை போடும்போது உங்கள் முதல் வரைவோடேயே ஒத்துப்போய் 90க்கு மேல் காட்டும்.

பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் அதை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் பார்க்கும், பூஜ்யம் காட்டும். பூஜ்யம் நல்ல செய்தி இல்லை. விவரம் தெரிந்த தேர்வாளர் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

#15 நாலாம்_செமஸ்டர்

இணையக் கதையை எடுத்துவிட்டேன். ஏஐ எழுதியது என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? பட்டியல் வடிவம் என்பதால் பயமாக இருக்கிறது.

#16 சதவீதக்கணக்கு

ஏஐ எழுத்தா என்று பார்க்கிற கண்டுபிடிப்பான்கள் சொல்வதை ஆதாரமாக எடுக்க முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்களுக்குக் காப்பு 13இல் சொன்ன வரைவுக் கோப்புகளும் குறிப்புகளும்தான். ஏஐயை எதற்காவது பயன்படுத்தியிருந்தால், பிழை பார்க்க, ஒரு சொல்லுக்கு மாற்றுத் தேட என்று எதுவானாலும், உறுதிமொழிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மறைத்து மாட்டுவதுதான் பிரச்சினை.

#17 அச்சுக்கோர்ப்பு

கோப்பு வேலை கொஞ்சம்.

பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றினால் இரண்டு பிழை கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். துணைக்கால் (ா) இருக்கவேண்டிய இடத்தில் ‘ர’ வந்திருக்கும், ‘ர’ இருக்கவேண்டிய இடத்தில் கால். ஔகாரத்தில் ‘ௌ’ வராமல் ஒற்றைக் கொம்பும் தனி ‘ள’வும் வந்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் சிக்காது. ‘கௌரி’, ‘மௌனம்’ என்று தேடிப் பாருங்கள்; கதையில் இருக்கிற சொல் தேடலில் வராவிட்டால் அதுதான் கோளாறு.

காட்சி மாற்றத்துக்கு வெறும் வரி இடைவெளி விடாதீர்கள். பக்கக் கடைசியில் விழுந்தால் காணாமல் போகும். மூன்று உடுக்குறி (*) போடுங்கள்.

பற்று நோட்டைத் தாவல் (டேப்) விசையால் வரிசைப்படுத்தினால் வேறு கணினியில் கலையும். கோடு தெரியாத அட்டவணையாகப் போடுங்கள். பழைய கடைக்காரர் கையெழுத்து என்றால் தமிழ்க் கணக்குக் குறிகளையே பயன்படுத்தலாம்: பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. இவை யூனிகோடில் உண்டு, ஆனால் சில எழுத்துருவில் வெறும் கட்டமாக வரும். மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தன, அவற்றைக் காட்டுகிற எழுத்துரு இன்னும் குறைவு. ஒரு பக்கம் மட்டும் பிடிஎஃப் எடுத்து, பிரிண்ட் போடப்போகிற கடையின் கணினியிலேயே திறந்து பாருங்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவை உள்ளே பதித்துச் சேமியுங்கள்.

சந்திப் பிழை பார்க்க நாவி, எழுத்துப் பிழை பார்க்க வாணி என்று இணையக் கருவிகள் உண்டு. ஆனால் வட்டார வழக்கில் எழுதிய மற்ற கதைகளை அப்படியே போட்டு ‘எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்’ என்று அழுத்தினால் பாட்டி செந்தமிழ் பேசுவாள். பேச்சுவழக்குக்கு ஒரு தனித்தாள் வைத்து, ‘வந்துச்சு’தானா ‘வந்திச்சி’யா, ‘அவுக’ளா ‘அவங்க’ளா என்று பாத்திரத்துக்குப் பாத்திரம் எழுதி வையுங்கள். ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசினால் தேர்வாளர் அங்கேதான் வட்டமிடுவார்.

#18 தெற்குவாசல்

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மாணவர் எழுதியது மாணவருக்கே. கல்லூரி கையெழுத்துக் கேட்கிற படிவத்தில் உரிமையை மாற்றிக் கொடுப்பதாக வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். பிரதி நூலகத்தில் இருப்பது வேறு, இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது வேறு. ஏறிவிட்டால் ‘இதுவரை எங்கும் வெளிவராதது’ என்று கேட்கிற இதழுக்கோ போட்டிக்கோ அனுப்பும்போது சிக்கல். ஐயோவாவில் 2008இல் ஆய்வேடுகளை எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கப்போகிறார்கள் என்றதும் படைப்பெழுத்து மாணவர்கள் எதிர்த்தார்கள், பல்கலைக்கழகம் பின்வாங்கியது. இரண்டு வருஷம் பொதுவில் வைக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் கொடுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

பாட்டு வரிகளுக்கு ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. பாரதி பிரச்சினையில்லை. 1981இல் மறைந்த கண்ணதாசன் 2041 முடியும் வரை உரிமையில் இருப்பவர். புராஜெக்டில் யாரும் கேட்கமாட்டார்கள்; புத்தகமாகப் போடும்போது பதிப்பகம் கேட்கும். இப்போதே வரியை எடுத்துவிட்டு ‘ரேடியோவில் அந்தப் பாட்டு’ என்று வைத்தால் பிறகு கதையைப் பிரிக்க வேண்டியதில்லை.

நிஜ நோட்டு ஒன்றைப் பார்த்து எழுதுவதானால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றையும் மாற்றுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பது ஊரில் சின்ன விஷயம் இல்லை.

#19 புறத்தேர்வாளர்_நாற்காலி

வைவா பத்துப் பதினைந்து நிமிஷம்தான். ‘ஒரு பக்கம் வாசியுங்கள்’ என்பார்கள். பற்று நோட்டை வாசித்தால் அறையே தூங்கிவிடும், அது கண்ணால் படிக்கிற வடிவம். ஆனி, ஆடி வருகிற இரண்டு பக்கத்தைத் தனியாக நகலெடுத்து மேஜையில் ஆளுக்கொன்று வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள். அவர்களே கேட்பார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் இந்த நாலைச் சுற்றித்தான்: எழுதுவது யார், எதை வெட்டினீர்கள், இதே வடிவத்தில் முன்னால் எழுதியவர்கள் யார், இதைக் கட்டுரையாக எழுதினால் என்ன குறைந்துபோயிருக்கும். நாலாவதற்குத்தான் ஆள் திணறுவார்கள். உங்களுக்குப் பதில் சுலபம்: கட்டுரை பாட்டி இறந்தாள் என்று சொல்லவேண்டும், நோட்டு சொல்லவேண்டியதில்லை.

#20 நாலாம்_செமஸ்டர்

எல்லாருக்கும் நன்றி. துறைக் கூட்டக் குறிப்பின் நகல் கிடைத்துவிட்டது. மதிப்பெண் பிரிப்பு நாளை. திருத்திய வரைவு:

ஆனி 12: புழுங்கலரிசி 5 கிலோ, துவரம் பருப்பு அரை கிலோ, கொட்டைப்பாக்கு 100, சுண்ணாம்பு 1
ஆனி 19: புழுங்கலரிசி 5 கிலோ, புளி கால் கிலோ, கொட்டைப்பாக்கு 100
ஆடி 2: புழுங்கலரிசி 4 கிலோ, துவரம் பருப்பு அரை கிலோ
ஆடி 7: பச்சரிசி 10 கிலோ, வெல்லம் 3 கிலோ, எள் அரை கிலோ, உளுந்து 2 கிலோ, தேங்காய் 11

சாவு ஆனி 24 என்று மனதில் வைத்திருக்கிறேன். பதினாறாம் நாள் ஆடி 8, முந்தின நாள் சாமான்.

#21 கரிசல்_மேடு

நல்லா வந்துருக்கு. ஆனா ஆனிக்கு 31 நாள் வர்ற வருஷமும் உண்டு, 32 வர்ற வருஷமும் உண்டு. நீங்க எடுத்த வருஷத்துப் பஞ்சாங்கம் பாத்தீங்களா?

#22 நாலாம்_செமஸ்டர்

இப்போது பார்த்தேன். 32. அப்படியானால் வாரக் கணக்குப்படி அடுத்த பதிவு ஆடி 1, காரியம் 7, சாமான் 6. மாற்றிவிடுகிறேன்.

#23 தெற்குவாசல்

ஆடி 1 என்றால் ஆடிப் பிறப்பு. அன்றைக்குத் தெருவில் மற்ற வீட்டு நோட்டிலெல்லாம் வெல்லமும் தேங்காயும் ஏறியிருக்கும். இந்த வீட்டு நோட்டில் அரிசியும் பருப்பும்தான். அந்த வரியில் வேறெதையும் தொடாதீர்கள்.